ஒரே கணினி, இருபத்து மூன்று பேர்

அரியலூர்,
10.01.2007

அனுப்புநர்:
கொளஞ்சியம்மாள், கொளஞ்சி தட்டச்சகம்,
ராசாங்கம் டீக்கடை மாடி, பேருந்து நிலையம் அருகில், அரியலூர்.

பெறுநர்:
மட்டுறுத்துநர் அவர்கள், ‘விடைவாசல்’ கேள்வி பதில் இணையதளம்,
கிழக்குத் தெரு, லெப்பைக்குடிகாடு, பெரம்பலூர் மாவட்டம்.

பொருள்: இருபத்து மூன்று பேரின் பதில்கள் நீக்கப்பட்டது – திரும்பச் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் பதவியின் பெயரைத் தட்டச்சு செய்ய மூன்று முறை அழிக்க வேண்டியிருந்தது. பதினான்கு வருடமாக மனு அடிக்கிறேன். இப்படி ஒரு பதவி என் விரலுக்குக் கீழே வந்ததில்லை.

கடந்த திங்கட்கிழமை காலை தங்கள் இணையதளத்தைத் திறந்தபோது, எங்கள் கணினியிலிருந்து போன இருபத்து மூன்று பேரின் பதில்களையும் காணவில்லை. அவை இருந்த இடத்தில் சிவப்பு எழுத்தில், ‘ஒரே நபர் பல பெயர்களில் எழுதியது. தரமற்றது. நீக்கப்பட்டது’ என்று இருந்தது. அம்மாக்கண்ணு என்கிற அம்மா, ஆடு மேய்ப்பவர், தன் பெயரைத் திரையில் பார்ப்பதற்காகவே செந்துறைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அவர் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, “இங்கதானடி இருந்தேன்?” என்று கேட்டார். நான் என்ன சொல்லட்டும்?

அந்த அம்மா ஒரே நபர்தான். ஆனால் நான் அந்த அம்மா இல்லை. எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து மேற்படி பதில்களைத் திரும்பச் சேர்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கொளஞ்சியம்மாள்


லெப்பைக்குடிகாடு,
13.01.2007

அன்புள்ள கொளஞ்சியம்மாள் அவர்களுக்கு,

முதலில் ஒன்று. நான் ஐயா இல்லை. என் பெயர் மர்ஜியா. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். விடைவாசலை உருவாக்கியவர் என் அண்ணன் தாஜுதீன். அவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். தளத்தின் முகவரி எங்கள் வீட்டு முகவரிதான். இதுவரை அந்த முகவரிக்குக் கடிதம் வந்ததே இல்லை. தபால்காரர் ‘மட்டுறுத்துநர் யாரு?’ என்று தெருவில் நின்று கூப்பிட்டபோது நான் செருப்புப் போடாமல் ஓடினேன்.

நான் செய்யும் வேலைக்கு ‘சல்லடை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். வரும் பதில்களையெல்லாம் படிப்பேன். ‘எனக்கும் இதே சந்தேகம்’, ‘நல்ல கேள்வி, வாழ்த்துகள்’, ‘தெரிந்தால் எனக்கும் சொல்லவும்’ என்பவை எல்லாம் பதில்கள் அல்ல. அவற்றை நீக்குவேன். வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவற்றை நீக்குவேன். அரைப் பரீட்சை விடுமுறையில் மட்டும் முந்நூற்றுப் பதினொன்று நீக்கினேன். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் பதில்களை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? எல்லாம் திங்கட்கிழமை, காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள். எல்லாம் ஒரே கணினி எண். எல்லாம் ‘ஐயா, வணக்கம்’ என்று ஆரம்பித்து ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று முடிகின்றன. ஆட்டைப் பற்றிய பதிலும் தாழ்மையுடன், லாரியைப் பற்றிய பதிலும் தாழ்மையுடன்! துப்பறிவாளர்போல உணர்ந்தேன். ஒருவரே பல பெயரில் எழுதினால் தன் பதிலுக்குத் தானே ஓட்டுப் போட்டு மேலே ஏற்றிவிடலாம். அதனால் அப்படி ஒரு பெயர் பொய்யாக இருந்தாலும் அந்தக் கணினியின் எல்லாப் பதில்களும் போய்விடும். இது அண்ணன் போட்ட விதி.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் எழுதவில்லை. ஆனால் இருபத்து மூன்று பேர் ஒரே கணினியில் எப்படி? அதைச் சொல்லுங்கள். நீக்கியவை குப்பைக்கூடையில் நாற்பது நாள் இருக்கும். பிப்ரவரி 15 அன்று தானாகவே அழிந்துவிடும். அதன்பின் அண்ணனாலும் மீட்க முடியாது.

இப்படிக்கு,
மர்ஜியா


அரியலூர்,
18.01.2007

பாப்பா மர்ஜியாவுக்கு,

ஐயா என்று நினைத்து எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை என்று தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகத் திட்டி எழுதியிருப்பேன்.

எப்படி என்று கேட்டாயே, சொல்கிறேன். திங்கட்கிழமை பெரம்பலூரில் நம் மாவட்டக் கலெக்டர் ஆபீசில் குறை தீர்க்கும் நாள். மனு கொடுக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் என் மாடிக்கு வந்துவிடுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு கணினி, கரகரவென்று சத்தம் போடும் ஒரு பிரிண்டர். ஒருவர் மனு வெளியே வரும்வரை மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்தால் எட்டு மணி பஸ் போய்விடும் என்று என்னைப் பிடுங்குவார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் உங்கள் தளத்தைத் திறந்து கேள்விகளைச் சத்தமாகப் படித்தேன். ‘ஆடு குட்டியை ஊட்ட விடாமல் தள்ளுகிறது, என்ன செய்வது?’ என்று படித்தேன் பார், அம்மாக்கண்ணு எழுந்தே நின்றுவிட்டார்.

“யார்றி அது கேட்டது? தாய கட்டிப் போடச் சொல்லு. மூஞ்சிக்கு முன்னாடி தீனிய வச்சிட்டு, தலைய ஒருத்தர் புடிச்சிக்கணும். குட்டிய வுட்டா ஊட்டும். மூணு நாளைக்கு இப்புடி செஞ்சா அதுவே ஏத்துக்கும். எழுது, எழுது. என் பேரப் போட்டு எழுது.”

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். அவர்கள் சொல்வார்கள், நான் அடிப்பேன். படித்துக் காட்டி, ‘சரிதானா?’ என்று கேட்டுத்தான் அனுப்புவேன். மனுவுக்கும் அப்படித்தான். ஒருவர் சொன்னதை அவர் சொன்னதாகவே அடிப்பதுதான் என் தொழில். வணக்கமும் தாழ்மையும் என் விரலின் பழக்கம். நான் அதை நினைத்துக்கூட அடிப்பதில்லை. என் விரலில் இருக்கிற தாழ்மைக்காக அவர்கள் வாயில் இருக்கிற அறிவைக் குப்பையில் போடுவாயா?

உங்கள் வீட்டில் கணினி இருக்கிறது. அதனால் ஒரு ஆளுக்கு ஒரு கணினி என்று நினைத்துவிட்டாய். இங்கே ஒரு கணினிக்கு ஒரு பஸ் ஆட்கள்.

கொளஞ்சியம்மாள்


லெப்பைக்குடிகாடு,
21.01.2007

அன்புள்ள கொளஞ்சி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன்! ஒரு முறை எனக்கு, ஒரு முறை அம்மாவுக்கு, ஒரு முறை வகுப்பில் ருமைசாவுக்கு, ஒரு முறை தொலைபேசியில் அண்ணனுக்கு. ‘ஒரு கணினிக்கு ஒரு பஸ் ஆட்கள்’ என்ற இடத்தில் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. தவறு செய்துவிட்டோம் என்று தெரியும்போது சந்தோஷம் வருமா? எனக்கு வந்தது.

ஆனால் அண்ணன் சிரித்து முடித்ததும் சொன்னார்: “நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நல்லா எழுதத் தெரிஞ்சவங்கதான் இருபத்து மூணு பேரா எழுத முடியும். ஆதாரம் என்ன மர்ஜியா?” எனக்குக் கோபம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீக்கியவற்றில் அமாவாசை என்பவரின் பதில் ஒன்று உண்டு. குன்னத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். உதவித்தொகைக்கு மூன்று முறை மனு கொடுத்தும் ஒரு தகவலும் இல்லையாம். அதற்கு அமாவாசை, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்க வேண்டும் என்று படிப்படியாக எழுதியிருந்தார். அந்த அம்மா நேற்றும் தளத்தில் வந்து, ‘ஒரு பதில் இருந்ததே, எங்கே போனது?’ என்று கேட்டிருக்கிறார். அதைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நானே அனுப்பிவிடலாமா என்று துடித்தேன். ஆனால் பொய்ப்பெயரா மெய்ப்பெயரா என்று தெரியாத ஒருவரை நம்பி ஆபீசுக்குப் போங்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

அதனால் ஒரு சோதனை வைக்கலாமா? 29ஆம் தேதி, திங்கள், காலை ஏழு மணிக்கு நான் ஒரு கேள்வி போடுகிறேன். முன்கூட்டிச் சொல்லமாட்டேன். பெஞ்சில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் பதில் சொல்லட்டும். நீங்கள் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அடியுங்கள். வணக்கம், தாழ்மை எல்லாம் இல்லாமல்! இங்கே நானும் அங்கே அண்ணனும் திரையின் முன்னால் இருப்போம்.

ஒத்துக்கொள்ளுங்கள் அக்கா. இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

மர்ஜியா


அரியலூர்,
24.01.2007

மர்ஜியாவுக்கு,

நாங்கள் நாங்கள்தான் என்று நாங்கள் ஏன் நிரூபிக்க வேண்டும்? ரேஷன் கடையிலும் இதையே கேட்கிறார்கள், ஆஸ்பத்திரியிலும் கேட்கிறார்கள். இப்போது நீயும். வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனால் கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் அமாவாசை அண்ணனிடமும், அம்மாக்கண்ணுவிடமும், வெங்காயம் போடும் அரியமுத்துவிடமும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “சோதனையா? ஷார்ஜாவுல இருந்து பாக்குறாங்களா?” என்று மூவரும் கிளம்பிவிட்டார்கள். அரியமுத்து அன்றைக்கு வேட்டி மாற்றிக்கொண்டு வருவாராம். திரையில் வேட்டி தெரியாது என்று சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

அதனால் சரி. ஏழு மணி.

கொளஞ்சி


லெப்பைக்குடிகாடு,
29.01.2007

கொளஞ்சி அக்கா, கொளஞ்சி அக்கா!

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். இன்று காலை ஆறு ஐம்பதுக்கே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு இன்று நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவர் தூங்கப் போகாமல் என் பின்னாலேயே நின்றார். ஏழு மணிக்குக் கேள்வியைப் போட்டேன்: ‘நீங்கள் கடைசியாக யாரோடு சண்டை போட்டீர்கள்? எதற்கு?’

ஏழு நான்குக்கு முதல் பதில் வந்தது. அம்மாக்கண்ணு! ‘மருமகளோட. குழம்புல உப்பு இல்லன்னேன். உப்பு இருந்திச்சி. எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சி. இன்னும் அவகிட்ட ஒத்துக்கல. நீங்களும் சொல்லாதீங்க.’ அம்மா நோன்போடு அப்படிச் சிரித்தார்.

அடுத்து அரியமுத்து: ‘கண்டக்டரோட. வெங்காய மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டாரு. சரின்னு வாங்குனேன். அப்பறம் அந்த மூட்ட மேலயே குந்திக்கிட்டு வராரு. இறங்குங்க, டிக்கெட்டு மூட்டைக்குத்தான், உங்களுக்கு இல்லன்னேன். அதான் சண்ட.’

அப்புறம் லாரி ஓட்டும் முருகையன்: ‘என் லாரியோட. அது பதிலே பேசல. நான்தான் ஜெயிச்சேன்.’

திரையைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். இருபத்து மூன்று பேருடைய பெயர்களும் வந்துவிட்டன! எல்லோரையும் எப்படி அக்கா ஒரே நாளில் சேர்த்தீர்கள்? ஏழு ஐம்பதுக்கு அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இதை ஒரு ஆள் உக்காந்து கற்பனை பண்ண முடியாது” என்றார். நான் குதித்தேன். நாற்காலி விழுந்துவிட்டது.

ஆனால் அக்கா, ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டுவிடலாம் என்று நாள் முழுக்க நினைத்தேன். வேதியியல் வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

அமாவாசையின் இன்றைய பதில் இது: ‘எனக்கு யாரோடயும் சண்ட கிடையாது. காத்து அடிக்க அம்பது காசு. இதுல என்னா சண்ட.’ இவரும் இருக்கிறார் என்று நிம்மதிதான். ஆனால் இதே அமாவாசைதான் சட்டத்தின் ஆறாவது பிரிவு, பத்து ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை, முப்பது நாள், பழைய மனுவின் ஒப்புகை எண் என்றெல்லாம் எழுதினாரா? மற்ற இருபத்திரண்டு பேரின் பழைய பதிலையும் புதிய பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தாழ்மையை எடுத்துவிட்டால் குரல் ஒன்றாக இருக்கிறது. இவருடையது மட்டும் ஒட்டவில்லை. அண்ணன் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்துவிட்டேன்.

மர்ஜியா


அரியலூர்,
01.02.2007

மர்ஜியா,

உன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பதில் நான் எழுதியது.

பதினான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் மனு அடித்திருப்பேன். எந்த மனு நகரும், எது நகராது என்று பேப்பரைத் தொட்டாலே எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் வந்தபோது புத்தகம் வாங்கி வரிவரியாகப் படித்தேன். குன்னத்து அம்மாவின் கேள்வியைப் படித்ததும் விரல் தானாகப் போய்விட்டது. அடித்து முடித்துப் பெயர்க் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

எனக்கு ஒரு ஆபீசிலிருந்து டைப் வேலை வருகிறது. எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன். என் பாதிச் சாப்பாடு அதில்தான். போன வருடம் ஒருவருக்குத் தகவல் கேட்டு மனு அடித்துக் கொடுத்தபோது, அங்கே ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “கொளஞ்சி, நீ டைப் அடிக்கிறவ. டைப் அடி. யோசன சொல்லாத.” அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து அமாவாசை அண்ணன் பஞ்சர் ஒட்டின கையோடு எனக்கு டீ கொடுக்க மேலே வந்தார். அவர் பெயரைக் கேட்டேன், கொடுத்தார். “நல்லதுதானே, போட்டுக்க” என்றார். அப்புறம் அவரை நிறையப் பேர் பாராட்டினார்கள். அவரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் காற்று அடித்தார். நான் மேலே இருந்து சிரித்துக்கொள்வேன்.

ஒரு பெயர் பொய் என்றால் எல்லாம் போகும் என்று உங்கள் விதி. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் உண்மையை எழுதுகிறேன். உன் அண்ணனிடம் சொல்லாமல் இருந்தால் அம்மாக்கண்ணு திரும்பி வருவார். சொன்னால் என்ன ஆகும் என்று நீதான் பார்க்க வேண்டும். சொல்லாதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கொளஞ்சி


லெப்பைக்குடிகாடு,
06.02.2007

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று முழுவதும் உங்கள்மேல் கோபம். ஏன் உண்மையை எழுதினீர்கள்? பொய் எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன், எல்லோரும் திரும்பி வந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்மேலேயே கோபம். நான் முந்நூற்றுப் பதினொரு பேருக்குக் காரணம் எழுதியவள். தெரிந்த ஒருவர் என்பதற்காக ஒரு காரணத்தை மறைத்தால், அந்த நோட்டைக் கிழித்துப் போட வேண்டும். ஆனால் விதியைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கண்ணுவிடம் போய், ‘நீங்கள் இல்லை’ என்று மறுபடியும் சொல்ல முடியுமா?

அப்போதுதான் மேசைமேல் இருந்த உங்கள் முதல் கடிதம் கண்ணில் பட்டது. அதில் கையெழுத்து உங்களுடையது, சொன்ன சேதி அம்மாக்கண்ணுவுடையது. இரண்டு பேர். எங்கள் தளத்தில் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது! தவறு அங்கே இருக்கிறது. உடனே அண்ணனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் விஷயம் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், ‘ஒரு கட்டத்தை இரண்டாக்கினால் என்ன? சொன்னவர், தட்டச்சு செய்தவர். தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு கொளஞ்சி அக்கா இருப்பார்களே, அவர்கள் எல்லோரையும் நான் நீக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?’ என்று கேட்டேன்.

அண்ணன் மறுநாள்வரை பதில் போடவில்லை. நேற்று மாலை தளத்தைத் திறந்தால், கட்டம் இரண்டாக இருக்கிறது!! சொல்லாமலேயே செய்துவிட்டார். அம்மாக்கண்ணு திரும்பி வந்துவிட்டார். முருகையன், அரியமுத்து, எல்லோரும். கீழே ‘தட்டச்சு: கொளஞ்சியம்மாள், அரியலூர்’. இருபத்திரண்டு முறை உங்கள் பெயர். நான் எண்ணிப் பார்த்தேன்.

இருபத்து மூன்றாவதை மட்டும் அண்ணன் மீட்கவில்லை. “சொன்னவர் பெயர் பொய். விதிய மாத்தலாம், பொய்ய மாத்த முடியாது. எழுதினவங்க தன் பேருல எழுதினா நான் தடுக்கமாட்டேன்” என்கிறார். குன்னத்து அம்மா நேற்றும் வந்து கேட்டுவிட்டுப் போனார். 15ஆம் தேதி அது அழிந்துவிடும் என்பதால் முழுவதையும் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் பாதிச் சாப்பாட்டைப் பற்றிப் பதினொன்றாம் வகுப்புப் பெண் என்ன சொல்ல முடியும்? எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதினால் சல்லடையில் நான் இருப்பேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மர்ஜியா


அரியலூர்,
08.02.2007

மர்ஜியா பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும், ‘முடியாது, அந்த அம்மாவுக்கு நீயே அனுப்பிக்கொள்’ என்று ஒரு கடிதம் அடித்தேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபாலில் போடக் கீழே இறங்கினேன். அமாவாசை அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார். “உங்க பேரு போயிடிச்சிண்ணே” என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்!

“போவட்டும் தாயி. எனக்கு ராத்தூக்கம் போச்சி. போன மாசம் ஒருத்தன் வந்தான். தகவல் கேட்டேன், முப்பது நாள் ஆச்சி, பதில் வல்ல, அடுத்து என்ன செய்யணும்ணேன்னான். என்னையத்தான் கேக்கறான். நான் காத்து அடிச்சிக்கிட்டே ரோசன பண்றேன், ஒண்ணும் வல்ல. ‘பொறுமையா இரு, வரும்’னுட்டேன். நேத்து வந்து சொல்றான், மேல்முறையீட்டுக்கும் முப்பது நாள்தான் கெடுவாமே? அதுவும் தாண்டிப் போச்சாம். என்னையத் திட்டக்கூட இல்ல. கும்புட்டுட்டுப் போறான்.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அந்த மனிதர் என் தலைக்குக் கீழேதான் நின்று கேட்டிருக்கிறார். மாடியில் நான் வேறு யாருக்கோ மனு அடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என் பெயர் இருந்திருந்தால் அவர் இன்னும் பதினான்கு படி ஏறியிருப்பார்.

உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அதற்காக நான் வீராங்கனை ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. காலையில்கூட அந்த ஆபீசிலிருந்து நாற்பது பக்கம் வேலை வந்தது. அதையும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். திங்கட்கிழமை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஒரு முறை பார்.

கொளஞ்சி


லெப்பைக்குடிகாடு,
12.02.2007

அன்புள்ள கொளஞ்சி அக்காவுக்கு,

இன்று காலை ஆறரைக்கே உட்கார்ந்தேன். ஏழு மணிவரை வேறு யாரோ எழுதிய ‘நல்ல கேள்வி, வாழ்த்துகள்’ நான்கு வந்தன. நான்கையும் நீக்கினேன். ஏழேகாலுக்கு அரியமுத்து, சின்ன வெங்காயத்தைத் தாளோடு குவித்துப் பட்டறை போட்டுச் சேமிப்பது பற்றி எழுதியிருந்தார். ஏழரைக்கு ஒன்றும் இல்லை. அம்மா தலை பின்னிவிட்டுக்கொண்டே, “என்னடி, மூச்சே வுடாம இருக்க?” என்றார். ஏழு நாற்பத்தொன்று. வந்தது.

சொன்னவர்: கொளஞ்சியம்மாள். தட்டச்சு: கொளஞ்சியம்மாள்.

நான் கத்திய கத்தலில் அத்தா, எங்கள் அப்பா, பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

பிறகு சல்லடையில் போட்டுப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோருடைய பதிலையும் படிப்பதுபோலத்தான் உங்களுடையதையும் படித்தேன். முத்திரை வில்லை இருந்தது, ஆறாவது பிரிவு இருந்தது, இரண்டு முப்பது நாள்களும் தனித்தனியாக இருந்தன. ஆனால் ‘பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும்’ என்று இருந்ததே தவிர, அவர் யார், எங்கே உட்கார்ந்திருப்பார் என்று இல்லை. குன்னத்து அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. பத்து நிமிடத்தில் பள்ளிக்கூட பஸ். இருந்தாலும் ‘முழுமையில்லை’ என்று அழுத்தித் திருப்பி அனுப்பினேன்.

மூன்று நிமிடம் கழித்து விளக்கக் கட்டத்தில் ‘அடிப்பாவி!’ என்று ஒரே ஒரு சொல் வந்தது. ஏழு ஐம்பத்தெட்டுக்கு முழுப் பதிலும் வந்தது. எல்லா ஆபீஸ் வாசலிலும் அவர் பெயரும் பதவியும் எழுதிய பலகை இருக்க வேண்டும், இல்லை என்றால் பதவியை மட்டும் போட்டு அனுப்பலாம், நேரில் கொடுத்தால் தேதியோடு ஒப்புகை வாங்காமல் நகரக் கூடாது, பதிவுத் தபால் என்றால் ரசீதைத் தொலைக்கக் கூடாது. இப்போது எனக்கே புரிந்தது. ‘ஏற்கப்பட்டது’ என்பதை அழுத்தினேன். பஸ்ஸைத் தவறவிட்டேன். அத்தா வண்டியில் கொண்டுபோய் விட்டார். முதல் வகுப்பு முழுக்க வெளியே நின்றேன். நின்றுகொண்டே சிரித்தேன்.

அக்கா, உங்களைப் பற்றிப் பயமாகவும் இருக்கிறது. அந்த ஆபீஸ்காரர்கள் பார்த்தால்? பார்த்துவிட்டார்களா? எழுதுங்கள்.

மாலை வந்து பார்த்தால் குன்னத்து அம்மா உங்கள் பதிலுக்குக் கீழே எழுதியிருக்கிறார். இதுவரை அவர் ‘வாசகி’ என்ற பெயரில்தான் வருவார். இன்று, ‘என் பெயர் அனிதா’ என்று ஆரம்பித்திருக்கிறார். உங்கள் பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டாராம். வரும் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறாராம். ‘பழைய மூன்று மனுவில் ஒன்றுக்குத்தான் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் எண் தெரியாமல் எப்படி எழுதுவது, கொளஞ்சி அம்மா?’ என்று உங்களைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

எனக்கு இதற்கு விடை தெரியாது. அடுத்த திங்கள்வரை பெஞ்சில் ஆள் சேரக் காத்திருக்க வேண்டாம். வெள்ளிக்கு முன்னால் திறந்து பாருங்கள். இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கிறது.

மர்ஜியா